ஆறு பத்துக்குக் கண்ணடிக்கும் விளக்கு

தன்னை யாரோ தினமும் போட்டோ எடுக்கிறார்கள் என்று அந்த மனிதர் சொன்னதும் நான் மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்த்திருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் ஆபீஸுக்கு மூன்று வாரமாக ஈ காக்கை வரவில்லை. வந்த ஒருவரையும் சிரித்தே விரட்டினான் என்ற பெயர் எனக்கு எதற்கு?

மேடம் துப்பறிவாளர். நான் அவருடைய அசிஸ்டென்ட். இந்த வேலைக்கு வருமுன் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றுக்கொண்டிருந்தேன். அதனால் மேடம் என்னை இன்றுவரை 'பாலிசி' என்றே கூப்பிடுகிறார். ஐம்பத்திரண்டு வயது ஆளை இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். என் வயதைக் குறைத்துக் கூப்பிட வேறு பெயர் கிடைக்கவில்லை என்றார்.

"யார் எடுக்கறாங்க?" என்று மேடம் வந்தவரிடம் கேட்டார்.

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்."

நியாயமான பதில்தான். நான் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நோட்டை எடுத்தேன்.

அவர் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவு என்று சொல்ல ஒரே ஒரு தங்கச்சி. ரிட்டயர் ஆனபிறகு போட்டோகிராபி பைத்தியம் பிடித்தது (இந்த வார்த்தையை அவர்தான் சொன்னார், சொல்லிவிட்டு வருத்தப்பட்டார்). முன்னறையை ஸ்டூடியோவாக்கி, பளிச்சென்று ஒரு நொடி அடித்து ஓய்கிற ஸ்டூடியோ ப்ளாஷ் லைட்டுகள் இரண்டு வாங்கி வைத்தார். அதில் சின்ன லைட், ஐந்து மாதமாக, சாயங்காலம் ஆறு பத்துக்குத் தானாக அடிக்கிறது. கேமரா பீரோவில் இருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் யாரும் கிடையாது. பளீரென்று ஒரு அடி, அவ்வளவுதான். லைட்டை இரண்டு தடவை கடையில் கொடுத்து மாற்றிவிட்டார். இப்போது இருப்பது மூன்றாவது. அதுவும் அதே வேலையைச் செய்கிறது.

இதைத் தங்கச்சியிடம் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. அதுவும் 'யாரோ என்னைப் போட்டோ எடுக்கிறார்கள்' என்று சொல்லியிருக்கிறார். தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மத்தியானம் போகிறவர். அவர் இருக்கும்போது லைட் ஒரு நாளும் அடித்ததில்லை. முடிவு எடுத்துவிட்டார். இன்று சனிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தங்கச்சியும் மச்சானும் காரோடு வருகிறார்கள். வீட்டைப் பூட்டி அண்ணனைத் தங்கள் வீட்டுக்கே கூட்டிப்போகிறார்கள். திங்கட்கிழமை டாக்டர்.

"அங்க எனக்குத் தனி ரூம் இருக்கு. நல்ல ரூம்தான். அவளும் தங்கமானவ," என்றார் மீட்டர்காரர். "ஆனா அங்க நான் விருந்தாளி. ராத்திரி தாகம் எடுத்தாக்கூட சத்தம் போடாம நடக்கணும். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவகிட்ட யாராவது சொல்லணும் மேடம். நானே சொன்னா எடுபடலை."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

"கிளம்புங்க பாலிசி," என்றார்.

*

மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மேடம் அறையை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தார்.

சுத்தமான வீடு. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி கழுவிக் கவிழ்த்திருந்தன. என் வீட்டு அலமாரியும் இப்படித்தான் இருக்கும் என்பதால் நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. முன்னறையில் சுவரிலிருந்து தரை வரை வெள்ளைக் காகிதம் தொங்கியது. அதன் முன்னால் ஒரு சின்ன மேஜை, மேஜைமேல் ஒரு முட்டை.

முட்டையைத்தான் அவர் போட்டோ எடுக்கிறார். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை முட்டையைத் தெரியவைப்பதுதான் லைட்டிங்கில் கஷ்டமான வித்தை என்று சொன்னார். எடுத்து முடித்ததும் மாடலை வேகவைத்துச் சாப்பிட்டுவிடுவாராம். ஆட்களை எடுப்பதில்லையா என்று கேட்டேன்.

"யாரை எடுக்கறது?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம். நோட்டில் எதையோ எழுதுவதுபோலப் பாவனை செய்தேன்.

மேஜைக்கு இரு பக்கமும் ஸ்டாண்டில் இரண்டு லைட். பெரியதை வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவார். சின்னதை மட்டும் தினமும் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை ஆன் செய்து சும்மா விட்டுவைப்பார். இந்த மாதிரி லைட்டை நாள்கணக்கில் கரண்ட் காட்டாமல் போட்டால் உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர் சோம்பிப்போகும், தினம் ஒரு மணி நேரம் உயிரோடு வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மீட்டர்காரர் சொன்ன சொல் தட்டாதவர். மழை வந்தாலும் ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். ஆன் ஆனதும் அதன் காற்றாடி லேசாக உறுமும். வீட்டில் ஒரு சத்தம் இருக்கிறதே என்று அந்த ஒரு மணி நேரம் அவருக்குப் பிடிக்குமாம்.

சுவரில் ஒரு மாதக் காலண்டர். லைட் தானாக அடித்த நாளுக்கெல்லாம் ஒரு பெருக்கல் குறி. முப்பது வருஷம் கணக்கெடுத்த கை அல்லவா, ஒரு குறிகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை. நடுநடுவே சில கட்டங்கள் காலியாக இருந்தன. மேடம் அந்தக் காலிக் கட்டங்களைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த நாள்ல எல்லாம் அடிக்கலையா?"

"அதெல்லாம் சாயங்காலத்துல நான் போட்டோ எடுத்த நாள். நான் கேமராவோட நின்னா அது சாது. சும்மா உட்கார்ந்திருந்தாத்தான் ஆட்டம் காட்டும்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். தனக்கு எதிரான சாட்சியைத் தானே கொடுக்கிறோம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. வேலை இருந்தால் ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் வருகிறது என்றால் எந்த டாக்டரும் ஒரே சீட்டைத்தான் எழுதுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மேடம் அப்படி நினைக்கவில்லை. "மூணு லைட். மூணுக்கும் ஒரே கோளாறு, ஒரே நேரம்," என்றார் படியிறங்கும்போது. "அப்போ கோளாறு லைட்ல இல்லை. கடைக்குப் போவோம்."

*

கடையில் நாங்கள் புதிதாகப் போட்டோ எடுக்கப் பழகுகிற தம்பதி என்று நான் அறிமுகம் செய்துகொண்டேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே அண்ணன் தங்கை என்று மாற்றிக்கொண்டேன். கடைக்காரர் இரண்டையும் நம்பினார். வாங்குகிற ஆள் என்று தெரிந்தால் எதையும் நம்புகிற தொழில் அது, நானும் செய்திருக்கிறேன்.

நம்பி வாங்கக்கூடிய லைட் எது என்று மேடம் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. பத்து தடவை அடித்தாலும் பத்தும் ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும். நிறம் மாறக்கூடாது. சீக்கிரம் சூடாகக்கூடாது. ஒரு தடவை அடித்தால் அடுத்த அடிக்கு உடனே தயாராக வேண்டும். நல்லது ஒரு செகண்டில் தயாராகும், மலிவானது நாலு செகண்டு எடுத்துக்கொள்ளும். கெட்டுப்போனால் உள்ளூரிலேயே பல்பு கிடைக்க வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற ஞாபகம் வந்தது. ஒரே குணமாக இருக்கணும், சட்டென்று சூடாகக்கூடாது, விழுந்தால் சீக்கிரம் எழுந்துகொள்ளணும். இந்தப் பட்டியலில்தான் என்னை என் மனைவி கழித்துவிட்டுப் போனாள். அதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் மட்டும் சிரித்தார்.

"இதோ பாருங்க," என்று கவுன்டர் மேலிருந்த லைட்டின் பட்டனை அழுத்தினார்.

அது அடித்தது. அதே நொடியில் என் முதுகுக்குப் பின்னால், அலமாரியில் சும்மா கிடந்த இன்னொரு லைட்டும் பளீரென்று அடித்தது. நான் துள்ளிய துள்ளலில் ஒரு ஸ்டாண்ட் சாய்ந்தது.

"பயப்படாதீங்க சார்," என்றார் கடைக்காரர். "அதுக்குக் கண்ணு இருக்கு. இதோ, இந்தச் சின்ன சிவப்புக் கண்ணாடி. இன்னொரு ப்ளாஷ் அடிக்கிறதைப் பார்த்தா இதுவும் சேர்ந்து அடிக்கும். ரெண்டு லைட்டுக்கு நடுவுல ஒயர் வேண்டாம் பாருங்க, அதுக்காக வச்சிருக்காங்க. ஒண்ணு கண்ணடிச்சா இன்னொண்ணும் கண்ணடிக்கும்."

மேடம் அந்தச் சிவப்புக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். அது எவ்வளவு தூரம் வரைக்கும் பார்க்கும் என்று கேட்டார். பகலில் ஒரு அறை, இருட்ட ஆரம்பித்தால் தெருவைத் தாண்டியும் பார்க்கும் என்றார் கடைக்காரர்.

இதை ஏன் மீட்டர்காரரிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். எங்கள் வேஷம் கலைந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீட்டர்காரருக்குக் கண் விஷயம் நன்றாகத் தெரியுமாம். பெரிய லைட்டோடு சின்ன லைட்டை அப்படித்தான் அடிக்கவைக்கிறார். ஆனால் பெரிய லைட் பிளக்கில் இல்லாதபோது வீட்டில் வேறு ப்ளாஷே கிடையாது என்று சத்தியம் செய்தாராம். அதனால் கரண்டில் கோளாறு என்று சொல்லி ஒரு ஸ்டெபிலைசரையும் கொடுத்தனுப்பினாராம். முப்பது வருஷம் கரண்ட் ஆபீஸில் இருந்தவருக்கே கரண்ட் கோளாறு என்று ஸ்டெபிலைசர் விற்ற அந்த மனிதரை நான் மனதாரக் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் மேடம் வேகமாக நடந்தார். "காலிக் கட்டம் எல்லாம் போட்டோ எடுத்த நாள். போட்டோ எடுக்கும்போது என்ன பண்ணுவார் பாலிசி?"

"முட்டையைத் திட்டுவார்."

"வெளி வெளிச்சம் வராம ஜன்னல் திரையை மூடுவார். திரையை மூடின நாள்ல லைட் அடிக்கலை. அதோட கண்ணை மூடிட்டார். அது பார்க்கிறது வீட்டுக்கு உள்ள இல்லை."

*

ஐந்தே முக்காலுக்கே தங்கச்சி வந்துவிட்டார். மச்சான் கீழே காரில் இருந்தார். பெட்டி முன்னாலேயே கட்டி வாசலருகே வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் திரும்பிப் போனபோது தங்கச்சி எங்களை உள்ளே வரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அண்ணன் வீட்டில் ஒரே டம்ளர்தான் என்று மன்னிப்புக் கேட்டார். நல்ல பெண்மணி. கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. தூங்கிப் பல நாள் ஆன முகம்.

மேடம் அரை மணி நேரம் கேட்டார். முதலில் சின்ன லைட்டை ஆன் செய்யச் சொன்னார். பிறகு என் பையிலிருந்த பழைய குட்டி கேமராவை எடுக்கச் சொன்னார். சந்தேகப்படும் மனைவிகளுக்காக நான் கணவன்மார்களைப் பின்தொடர்ந்த காலத்துக் கேமரா அது. ப்ளாஷை அடித்தேன். சின்ன லைட்டும் கூடவே அடித்தது. மீட்டர்காரர், இது எனக்குத் தெரிந்ததுதானே என்பதுபோல நின்றார். தங்கச்சி அதற்கு மேலே போனார். ஆறு பத்துக்கு இந்த அறையில் யார் கேமரா அடிக்கிறார்கள் என்று கேட்டார்.

"இந்த ரூம்ல யாரும் இல்லை," என்ற மேடம், சின்ன லைட்டின் பிளக்கைப் பிடுங்கினார். காற்றாடி உறுமல் நின்றது. "உங்க அண்ணன் அஞ்சு மாசமா தப்பு நடக்கிற நேரத்துல வெளிச்சத்துக்கு நடுவுல உட்கார்ந்திருந்தார். கண்ணு கூசியிருக்கும்போது வெளியில என்ன தெரியும்? இன்னைக்கு இது அடிக்காது. எல்லாரும் ஜன்னலுக்கு வாங்க."

நாங்கள் நாலு பேரும் ஜன்னலில் நின்றோம். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. எதிரே ஒரு நாலு மாடிக் கட்டடம், வரிசையாக ஜன்னல்கள். அதில் பாதிக்கு விளக்கு இல்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறு பத்து. எதிரே நாலாவது மாடியில், ஓரத்து ஜன்னலில், பளீரென்று ஒரு வெளிச்சம்.

மீட்டர்காரர் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தார். தங்கச்சி வாயில் கை வைத்துக்கொண்டார். எதிர் வீட்டில் யாரிடமோ இதேபோல ஒரு லைட் இருக்கிறது, அவர் அடித்தால் இவருடையது பார்த்துவிட்டு அடிக்கிறது, பேயும் இல்லை, மூளைக் கோளாறும் இல்லை. நான் கேஸ் முடிந்தது என்று கையைத் தட்டப்போனேன்.

மறுபடியும் அடித்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"தினம் ஒரு தடவைதானே?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

ஒரே தடவைதான் என்றார் மீட்டர்காரர். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணினார். நாலு செகண்டுக்கு ஒன்று. ஏழு தடவை அடித்தது. அப்புறம் அந்த ஜன்னல் இருட்டாகிவிட்டது.

"ஆளுக்குக் கோபம் போலிருக்கு," என்றேன்.

"மலிவான லைட். மறுபடி தயாராக நாலு செகண்டு வேணும். தயாரான நொடியே அடிச்சிருக்காங்க. கொஞ்சம்கூடக் காத்திருக்கலை," என்றார் மேடம். அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

*

மீட்டர்காரருக்கோ கண் கலங்கிவிட்டது. அவர் தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தார், பார்த்தாயா என்று கேட்கக்கூட இல்லை. தங்கச்சி அண்ணன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு, அப்படியே கையை விடாமல், பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றார்.

எனக்குப் புரியவில்லை. நாங்கள்தான் நிரூபித்துவிட்டோமே என்றேன்.

"நிரூபிச்சுட்டீங்க, ரொம்ப நன்றி," என்றார் தங்கச்சி. "அண்ணனுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் மனசு நிறைஞ்சு இருக்கு. ஆனா போன மாசம் ஒரு நாள் காலையில பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார். ரெண்டு மணி நேரம் எழுந்திருக்க முடியாமக் கிடந்திருக்கார். எனக்கு எப்போ தெரியும்? ஞாயித்துக்கிழமை நொண்டிக்கிட்டே வந்து கதவைத் திறந்தப்போ. இதுக்கு ஏதாவது துப்பு வச்சிருக்கீங்களா மேடம்?"

மூளைக் கோளாறு என்பது தங்கச்சிக்கு ஒரு சாக்கு. பயம் வேறு. அந்தப் பயத்தை எந்த லைட்டைப் பிடுங்கியும் தீர்க்க முடியாது.

மீட்டர்காரர் கொஞ்ச நேரம் வாதாடினார். போன் இருக்கிறது என்றார். பாத்ரூமுக்குள் போனை எடுத்துக்கொண்டா போனாய் என்றார் தங்கச்சி. பக்கத்து வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் அண்ணன். அவர்கள் பெயர் என்ன என்று தங்கச்சி கேட்டார். மீட்டர்காரர் யோசித்தார். ஊரில் பாதி வீட்டுக்குள் போய் வந்தவர், மீட்டர் எங்கே என்பதைத் தவிர யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கடைசியில் எழுந்து போய் லைட்டை ஸ்டாண்டிலிருந்து கழற்ற ஆரம்பித்தார். மேஜைமேல் இருந்த முட்டையை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குமேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. சொல்லிக்கொண்டு இறங்கினோம்.

"கேஸ் ஜெயிச்சுது, ஆள் தோத்துட்டார்," என்றேன் படியில்.

"பேசாம வாங்க பாலிசி."

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை கைப்பிடிக் கம்பியில். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அவர் நகரவில்லை.

"மேல மூணாவது மாடியில லைட் வச்சிருக்காரே ஒருத்தர்," என்றார் மூச்சு வாங்க. "அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

மேடம் படியில் அப்படியே நின்றார். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஏழு தடவை அடிச்சேன். ஒண்ணுக்கும் பதில் வரலை."

நாலு மாடி இறங்கி, தெருவைத் தாண்டி, இரண்டு மாடி ஏறியிருக்கிறார், அந்தக் காலோடு. அவர் நல்லபடியாக இருக்கிறார் என்று மேடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தயங்கினார். எதற்கும் தயங்காதவர் அவர்.

"அம்மா, அது அவர் சொல்ற பதில் இல்லை. அந்த லைட்ல ஒரு கண்ணு மாதிரி..."

"தெரியும்," என்றார் அந்த அம்மாள். "நான் பள்ளிக்கூட பிசிக்ஸ் லேப்ல இருந்து ரிட்டயர் ஆனவ. நாம அடிச்ச அதே நொடி பதில் வந்தா அது மனுஷன் கை இல்லைன்னு தெரியாதா எனக்கு? மெஷின்தான். ஆனா மெஷின் தானா எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டுக்காதே. தினம் ஆறு மணிக்கு யாரோ ஒருத்தர் அதைப் போடறாங்க. அங்க ஆள் இருக்காங்கன்னு அர்த்தம்."

மேடம் தன் தோளை அவருக்குக் கொடுத்தார். நான் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டேன். மூன்று பேரும் ஒவ்வொரு படியாக ஏறினோம்.

*

கதவைத் தங்கச்சி திறந்தார். பெட்டி அவர் கையில் இருந்தது. மீட்டர்காரர் லைட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். மேடம் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்தோம், இருந்த ஒரே நாற்காலியில்.

அவர் தண்ணீர் குடித்தார். தான் தண்ணீர்த் துளி விழுகிறதைப் போட்டோ எடுப்பதாகவும், லைட் வாங்கிய முதல் நாள் சோதித்துப் பார்த்தபோது எதிர் ஜன்னல் பதில் அடித்ததாகவும் சொன்னார். அதிலிருந்து தினம் ஆறு பத்துக்கு ஒரு தடவை. பதில் வந்துவிட்டால் நிம்மதியாகப் போய் வேலையைப் பார்ப்பார்.

"பதில் வராத நாளும் உண்டு," என்றார். "அப்போ எல்லாம் வந்திருக்கேன்."

"எங்கே?" என்றார் மீட்டர்காரர்.

"இங்கதான். இந்தக் கதவு வரைக்கும். வந்து நின்னு கேட்பேன். உள்ள நீங்க முட்டையைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க. சரி, நல்லா இருக்கார்னு திரும்பிப் போயிடுவேன்."

மீட்டர்காரர் சுற்றிய துணியைப் பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"பெல் அடிச்சிருக்கலாமே," என்றார் கடைசியில்.

"அடிச்சா கதவைத் திறப்பீங்க. யாருன்னு கேட்பீங்க." அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "யாருன்னு சொல்றது?"

தங்கச்சி அண்ணனைப் பார்த்தார், அந்த அம்மாளின் முழங்கால் பட்டையைப் பார்த்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"ஏங்க, நீங்க மேல வாங்க," என்றார். "இல்ல, பெட்டி தூக்க இல்ல. வரும்போது கடையில நாலு டம்ளர் வாங்கிட்டு வாங்க."

*

பஸ் ஸ்டாப்பில் நாங்கள் இரண்டு பேர்தான். மேடத்துக்கு ஒரு திசை, எனக்கு எதிர்த்திசை. எட்டு வருஷமாக இதே மாதிரி ஸ்டாப்புகளில் நின்று பிரிந்திருக்கிறோம். நான் தமாஷாக எதையாவது சொல்ல வேண்டிய நேரம் அது. ஒன்றும் வரவில்லை. நாளைக்கு ஞாயிறு, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நீங்கள் என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு நானும் அதையே சொன்னேன்.

அவருடைய பஸ் வந்தது. ஏறிவிட்டு, படியிலேயே நின்று திரும்பினார்.

"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, பாலிசி."

"எதுக்கு மேடம்? ஏதாவது வேலையா?"

"வேலை ஒண்ணும் இல்லை. நான் எடுக்கமாட்டேன். அடிச்சாப் போதும்."